சுவரொட்டியில் யார் முகம்? – மாணவர் குறும்படம் ஒன்றன் விளம்பர ஆக்கம் குறித்துச் சில குறிப்புகள்

திரைப்படத்தைப் பற்றி நம் தமிழ்த்துறைகளில் இப்போது கட்டுரைகள் மிகுதியாக வெளிவருகின்றன. திரைக்கதையை ஆராய்கின்றோம், பாடலை ஆராய்கின்றோம், உரையாடலின் வட்டார வழக்கையும் ஆராய்கின்றோம். ஆனால் படத்தைப் பார்க்கும் முன்னரே பார்வையாளன் கண்ணில் படும் சுவரொட்டியை ஆய்வுப்பொருளாகக் கொள்வார் அரியர். இன்று ஒட்டி நாளை கிழியும் தாளில் ஆராய என்ன உள்ளது என்று எண்ணுகின்றோம் போலும். நம் துறை மாணவர் பதினொருவர் கூடிப் பதினான்கு நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்து, துறை இலக்கிய மன்றத்தில் திரையிடுவதற்காக அதற்கொரு சுவரொட்டி ஆக்க முற்பட்டபோது, அவர்களுடன் இருந்து நாம் கற்றவற்றை ஈண்டுக் கூற முயல்கின்றோம். நாம் கற்பித்தவை குறைவே.

படத்தின் பொருள் பத்தமடைப் பாய். தாமிரவருணிக் கரைக் கோரையைக் கொண்டு அவ்வூர் முஸ்லிம் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக நெய்துவரும் மெல்லிய பாய்க்குப் பட்டுப்பாய் என்ற பெயரும் உண்டு. புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருள்களுள் அதுவும் ஒன்று. கோரையை அறுத்து, உலர்த்தி, மெல்லிதாகக் கீறி, ஆற்றுநீரில் நாள்கணக்கில் ஊறவிட்டு, மீண்டும் உலர்த்திச் சாயமேற்றுவர். பருத்தி நூலைப் பாவாக இழுத்துக் கட்டி, கோரையை ஊடையாகக் கோத்து நெய்வர். மணமக்கள் பெயரையும் மணநாளையும் பாயிலேயே எழுத்தாக நெய்து தருவது இத்தொழிலின் தனிச்சிறப்பு. இவ்வொரு செய்தியே பின்னர் நம் சுவரொட்டிக்கு வழிகாட்டிற்று. அதை உணர நமக்கு மூன்று வாரம் ஆயிற்று என்பது வேறு.

படத்தின் நடுவில் நிற்பவர் அறுபதை நெருங்கும் ஓர் அம்மையார். நாற்பது ஆண்டுகளாகத் தறிமுன் அமர்ந்தவர். மாணவர் அவரை 'மாமி' என்றே அழைத்தனர். நாமும் இக்கட்டுரையில் அவ்வாறே குறிக்கின்றோம். படத்திற்கு மாணவர் முதலில் இட்ட பெயர் 'கண்ணீரில் நெய்த பாய்' என்பதாகும். படத்தை இருமுறை போட்டுப் பார்த்தோம். மாமி சிரிக்கின்றார், கூலி போதவில்லை என்று சினக்கின்றார், பாவில் கால்வைத்த பேரனை அதட்டுகின்றார். ஓரிடத்திலும் கண்ணீர் இல்லை. இதனைச் சுட்டியபின் 'பாடு' என்று பெயரை மாற்றினர். உழைப்பு, துன்பம், ஒருவர் நிலை எனப் பல பொருள்களைத் தாங்கும் சிறு சொல். நன்று என்றோம். அச்சொல் தந்த தொல்லையைப் பின்னர்க் கூறுவோம்.

தலைப்பை மாற்றிய மாணவர் மனத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்பது சுவரொட்டியின் முதல் வரைவில் தெரிந்தது. தாள் முழுவதும் மாமியின் முகம். அவர் முந்தானையால் கண்ணைத் துடைக்கின்றார். பின்புலம் காரிருள். எழுத்து இரத்தச் சிவப்பு. உண்மையில் கோரைத் தூசு விழுந்து அவர் கண்ணைக் கசக்கிய ஒரு நொடி அது. அந்நொடியைப் படத்திலிருந்து பிரித்தெடுத்து, நிறத்தைக் கருக்கி, அழுகின்ற முதியவளாக ஆக்கிவிட்டனர். நாம் அதைப் பார்த்து, 'உருக்கமாக உள்ளது' என்று கூறித் தலையசைத்தோம். படத்தில் இல்லாத கண்ணீரைத் தலைப்பிலிருந்து நீக்கச் சொன்ன நாமே அதைப் படத்தாளில் வரவேற்றோம். மறைக்காமல் எழுதுவதே முறை.

கல்லூரி ஆட்சிக்குழுப் பெரியவர் ஒருவர் வேறு அலுவலாகத் துறைக்கு வந்தார். மேசைமேல் இருந்த வரைவைப் பார்த்தார். "அந்த அம்மாவிடம் கேட்டீர்களா?" என்று மட்டும் வினவிவிட்டுச் சென்றார். மாணவர் சிலருக்கு அது பிடிக்கவில்லை. பெண்ணின் உருவம் சுவரில் ஒட்டப்படுவதை விரும்பாமல்தான் பெரியவர் சுற்றிவளைத்துச் சொல்கின்றார் என்று அவர்கள் கருதினர். நாமும் ஓரளவு அவ்வாறே கருதினோம். கேட்டுவிட்டால் வாதம் தீருமே என்று ஒரு சனிக்கிழமை பத்தமடைக்குப் பேருந்து ஏறினோம். படப்பிடிப்புக்கு அவர் இசைந்தவர். இதற்கும் இசைவார் என்பது நம் துணிபு.

மாமி வரைவைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"படத்துல இருக்கட்டும் வாப்பா. அது ஓடிப் போயிரும். சொவத்துல ஒட்டுன மூஞ்சி அங்கனயே நிக்கும். மழ நனைக்கும், மாடு திங்கும். அது கெடக்கட்டும், நான் எப்ப அழுதேன்?"

படத்தை இயக்கிய மாணவர், "தூசி விழுந்துச்சே மாமி, அப்ப எடுத்தது" என்றார்.

"தூசிக்கு ஏன் இம்புட்டு இருட்டு?"

அதற்கு ஒருவரிடமும் விடை இல்லை. பெரியவர் கேட்டதும் மாமி கேட்டதும் பெண்ணுருவம் பற்றிய கேள்விகளே அல்ல என்பது திரும்பும் வழியில்தான் நமக்கு விளங்கிற்று. ஒருவர் முகத்தைப் பொதுவில் வைக்க அவர் இசைவு வேண்டும் என்பது ஒன்று. அவர் கொள்ளாத உணர்ச்சியை அவர் முகத்தில் ஏற்றக்கூடாது என்பது மற்றொன்று. இரண்டிலும் தவறியிருந்தோம்.

முகம் இல்லையென்றால் எதைப் போடுவது? சுவரொட்டியின் வரலாற்றைத் தேடும் எண்ணம் அப்போதுதான் பிறந்தது. முன்னரே தேடியிருக்க வேண்டும். நம் மாணவர் அறிந்த மரபு தமிழ்ப்படச் சுவரொட்டி மரபு. அதில் முகமே முதன்மை. தலைவன் முகம் பெரிது, தலைவி முகம் அதனிற் சிறிது, நகைச்சுவை நடிகர் முகம் ஓரத்தில் என அளவுகளுக்குள் ஒரு வரிசையே உண்டு. கையால் தீட்டிய பதாகைகள் மறைந்து அச்சிட்ட நெகிழித் தட்டிகள் வந்தபோதும் அவ்வரிசை மாறவில்லை. அறிந்த முகத்திற்கு அது பொருந்தும். நடிகரின் முகமே அங்கு விற்பனைப் பொருள். ஆனால் ஊரார் அறியாத ஒருவரின் முகத்தைப் பெரிதாக்கும்போது, அறிமுகத்தின் இடத்தை நிரப்ப அழுகை தேவைப்படுகின்றது. மாணவர் கண்ணீரைத் தேடிப்போனதற்குக் காரணம் இதுவே என்று கருதுகின்றோம்.

பிறர் என்ன செய்தனர் என்று பார்ப்போம். லூமியேர் உடன்பிறந்தார் 1895 டிசம்பர் 28இல் பாரிசில் கட்டணம் பெற்றுப் படம் காட்டினர். அடுத்த ஆண்டில் மார்செல்லின் ஒசோல் என்ற ஓவியர் அவர்களுக்காகத் தீட்டிய சுவரொட்டி, தனியொரு படத்திற்கென எழுந்த முதற் சுவரொட்டியாகப் பலராலும் கருதப்படுகின்றது. தோட்டக்காரன்மேல் நீர் பீய்ச்சியடிக்கும் நகைச்சுவைப் படம் அது. திரையில் அக்காட்சி தெரிகின்றது. ஆனால் தாளில் முன்னே நிற்பவர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கும் மக்களே. படத்தில் நடித்தவன் முகத்திற்கு அங்கு முதன்மையில்லை. சுவரொட்டி தோன்றிய காலத்திலேயே முகத்திற்கு மாற்றுவழி இருந்திருக்கின்றது.

உருசிய நாட்டு ஸ்டென்பர்க் உடன்பிறந்தார் 1920களில் செய்தவற்றை மாணவர் மிகவும் விரும்பினர். சீகா வெர்த்தோவின் 'ஒளிப்படக் கருவியுடன் ஒரு மனிதன்' (1929) என்ற படத்திற்கு அவர்கள் ஆக்கிய தாளில் வானுயர் கட்டடங்களுக்கிடையே ஒரு பெண்ணுருவம் பின்னோக்கிச் சாய்கின்றது. எழுத்துகள் சுழன்று வருகின்றன. அக்கால அச்சில் ஒளிப்படம் தெளிவாக விழாது. எனவே படச்சுருளின் காட்சியைத் தாமே அமைத்த கருவியால் பெரிதாக்கித் தாளில் வீழ்த்தி, அதன்மேல் கையால் வரைந்தனர். வரையும்போது வேண்டாதவை தாமே நீங்கின. 'நம் கணினியில் வேண்டாதவை தாமே சேர்கின்றன' என்று ஒரு மாணவி கூறியது உண்மைதான்.

நமக்கு மிகவும் பயன்பட்டவர் அமெரிக்க வடிவமைப்பாளர் சால் பாஸ். ஆட்டோ பிரெமிஞ்சர் இயக்கிய 'பொற்கரம் கொண்ட மனிதன்' (1955) போதைப் பழக்கத்திற்கு அடிமையான ஒருவன் கதை. புகழ்மிக்க பாடகரும் நடிகருமான ஃபிராங்க் சினாட்ரா அதன் தலைவன். பாஸ் வரைந்தது கோணிய கருங்கரம் ஒன்றை. ஊசி ஏறும் கை; சீட்டாடும் கை; தாளம் தட்டும் கை. அவ்வளவு கதையும் அக்கைக்குள் அடக்கம். எனினும் பரவலாக வழங்கிய தாளில் நடிகர் ஒளிப்படங்களும் கையைச் சுற்றி இடம்பெற்றன. முகத்தை முற்றும் விட வணிகம் துணியவில்லை. நம் மாணவர் படத்திற்கு வணிகம் இல்லை; ஆகவே துணியலாம்.

நம் நாட்டில் சத்தியஜித் ராய் 1943இல் கல்கத்தாவில் விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராகப் பணியிற் சேர்ந்தவர். தாம் படம் எடுக்குமுன்னரே 'பதேர் பாஞ்சாலி' புதினத்தின் சிறுவர் பதிப்பிற்குப் படம் வரைந்தவர். பின்னர்த் தம் படங்களுக்குச் சுவரொட்டிகளையும் தாமே வடிவமைத்தார். எம்.எஃப். உசேன் 1930களில் பம்பாயில் திரைப்படப் பதாகை தீட்டிப் பிழைத்ததும் பலர் அறிந்ததே. ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரொஸ்தமியும் சுவரொட்டி, நூலட்டை வடிவமைப்பிலிருந்து திரைக்கு வந்தவர். அவர் முதற்படமாகிய 'ரொட்டியும் சந்தும்' (1970) ஒரு குறும்படம். அதில் ரொட்டியுடன் வீடு திரும்பும் சிறுவன், வழிமறிக்கும் நாய் என்பவற்றைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. சிறிய பொருளை எடுத்துக்கொள்ள அஞ்சாதீர்கள் என்று மாணவர்க்குக் கூற அது உதவிற்று.

கையைக் கண்ட மாணவர் உடனே மாமியின் கையை வரைந்தனர். அதுவும் சரியாக அமையவில்லை. சுருக்கம் விழுந்த கை என்றால் மீண்டும் இரக்கம் வந்து ஒட்டிக்கொள்கின்றது. இந்நிலையில்தான், படப்பிடிப்பின்போது எடுத்த துணுக்குகளில் ஒரு மணப்பாய் தெரிவதை ஒரு மாணவர் சுட்டிக்காட்டினார். சிவப்புக் கரைக்குள் இரு பெயர்கள். எழுத்தே உருவமாக நிற்கின்றது. உதுமானியச் சுல்தான்களின் பெயரே முத்திரைச் சித்திரமாகிய துக்ராவை நினைவூட்டினோம். முகமின்றி ஒருவர் இருப்பை உணர்த்தும் கலை நமக்குப் புதிதன்று.

எழுத்தைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டும். தமிழ்த்துறை செய்யக்கூடிய ஆய்வு இதுவே. ஓலையில் எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும். ஆதலால் எழுத்துகள் வளைந்தன என்பர். பாயில் நிலைமை தலைகீழ். பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகவே செல்வதால் நேர்கோடு எளிது. வளைவு ஒவ்வொன்றும் படிக்கட்டாக மாறும். 'பாடு' என்ற சொல்லில் பகரமும் டகரமும் நேர்கோட்டு எழுத்துகள். வளைபவை ஆகாரக் காலும் உகரச் சுழியும் மட்டுமே. தறிக்கென்றே ஆக்கியது போன்ற சொல்! இது தற்செயலே, நம் திறமையன்று.

கட்டம் போட்ட வரைபடத்தாளில், கட்டம் ஒன்று இழை ஒன்று என்ற கணக்கில், எழுத்தை வரைந்து மீண்டும் பத்தமடைக்குச் சென்றோம். மாமிக்கு இம்முறை முகம் மலர்ந்தது. தாளைத் தரையில் விரித்துப் பென்சில் கேட்டார்.

"காலு ரொம்ப ஒல்லி. பாயில ஒத்த இழக் காலு நிக்காது மக்கா. மூணு போடு."

பகரத்தின் இருபுறமும் இரண்டிரண்டு வரிசைக் கட்டங்களைத் தாமே கருக்கினார். உகரச் சுழியை நாம் ஏழு படியில் வளைத்திருந்தோம். அவர் நான்கில் முடித்தார். நான்கே அழகாக இருந்தது.

இனி அச்சு வேலை. குறும்படத்தின் ஒரு காட்சியை அப்படியே எடுத்துப் பெரிய தாளில் அச்சிடலாம் என்பது மாணவரின் பொதுவான எண்ணம். கணக்கிட்டுப் பார்த்தால் அது பொருந்தாது. படத்தின் ஒரு சட்டகத்தில் அகலம் 1920, உயரம் 1080 புள்ளிகள். ஏ3 தாளில் அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் அச்சிட 3508க்கு 4961, அதாவது 1 கோடியே 74 இலட்சம் புள்ளிகள் வேண்டும். கிடைமட்டக் காட்சியை நெடுமையாக வெட்டியபின் எஞ்சுவது ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம். இருபதில் ஒரு பங்குகூட இல்லை. தூசு விழுந்த அம்முகத்தை அச்சிட்டிருந்தாலும் மங்கலாகவே விழுந்திருக்கும். எனவே பாதி நெய்த பாய் ஒன்றை மாமியின் வீட்டுத் திண்ணையில் காலை வெயிலில் தனியே ஒளிப்படம் எடுத்தோம். தாளின் கீழ் இரு பங்கு நெய்த பாய். மேல் ஒரு பங்கு ஊடை ஏறாத வெறும் பாவுநூல். எழுத்து இரண்டும் சந்திக்கும் இடத்தில். நெய்தல் நடந்துகொண்டிருக்கின்றது என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பது கருத்து.

அக்கருத்தை மிகைப்படுத்தி உகரச் சுழியைப் பாதியில் விட்டனர் மாணவர். பார்த்தவரெல்லாம் 'பாட' என்று படித்தனர். நெடில்தொடர்க் குற்றியலுகரம் மாத்திரையில் குறையலாம். தாளிலேயே மறையலாகாது என்று கூறிச் சுழியை முடிக்கச் செய்தோம்.

மாதிரித் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு வாயிற்காவலர், சிற்றுண்டிச்சாலை நடத்துபவர், நூலக உதவியாளர், வணிகவியல் முதலாண்டு மாணவர் சிலர் ஆகியோரிடம் ஐந்து நொடி காட்டி மறைத்து, 'என்ன கண்டீர்கள்?' என்று கேட்டோம். ஆய்வு என்று கூற இதற்குத் தகுதி உண்டோ இல்லையோ, பயன் உண்டு. வாயிற்காவலர், "பாட்டுப் போட்டி எப்போ சார்?" என்றார். மேலும் மூவர் அவ்வாறே பொருள் கொண்டனர். 'பாடு' ஏவல் வினையாகவும் நிற்கும் என்பதைத் தமிழாசிரியராகிய நாம் எண்ணிப் பார்க்கவில்லை! தலைப்பை மாற்றுவதா என்று இருநாள் வாதிட்டோம். முடிவில், 'பத்தமடைப் பாய் நெய்வோர் பற்றிய குறும்படம்' என்ற வரியைத் தலைப்பின் அடியிலேயே சேர்த்தோம். மறுமுறை காட்டியபோது எவரும் போட்டி பற்றிக் கேட்கவில்லை.

வண்ணத்தைப் பற்றி அதிகம் கூறத் தேவையில்லை. கணினித்திரை ஒளியால் நிறம் காட்டுவது; அச்சு நான்கு மையால் நிறம் காட்டுவது. திரையில் கண்ட சிவப்பு தாளில் மங்கிற்று. அச்சகத்தார், அச்சுக்குரிய நான்கு மைக்கணக்கில் கோப்பை மாற்றி ஒரு மாதிரித்தாள் எடுத்துப் பார்க்கச் சொன்னார். உண்மையான பாயின் துண்டு ஒன்றை அதன் பக்கத்தில் வைத்துச் சரிசெய்தோம். தமிழ் எழுத்துருவும் தொல்லை கொடுத்தது. ஒருங்குறியில் தட்டிய 'கொ' வடிவமைப்பு மென்பொருளில் ஒற்றைக்கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தது. அச்சுக்குப் போகுமுன் எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். 'குறும்பட திரையிடல்' என்று ஒற்றின்றி அச்சிட்ட தாள் தமிழ்த்துறைச் சுவரில் தொங்கினால் அதற்கு மன்னிப்பில்லை. ஒட்டும் இடமும் கருதத்தக்கது. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் உண்டு. ஆகவே அச்சிட்ட நாற்பது தாள்களையும் கல்லூரி அறிவிப்புப் பலகைகளிலும், உரிமையாளர் இசைந்த கடைகளிலும் மட்டுமே வைத்தோம்.

இறுதியாக எஞ்சியது பெயர்ப்பட்டியல். தாளின் அடியில் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை, உதவி என மாணவர் பதினொருவர் பெயரும், அவற்றின்மேல் 'வழிகாட்டி' என்று நம் பெயரும் இருந்தன. மாமியின் பெயர் இல்லை. முகம் வேண்டாம் என்றவர் பெயரும் வேண்டாம் என்பார் என்று நாமே முடிவு செய்திருந்தோம். முதல் தவற்றையே வேறு வடிவில் செய்கின்றோம் என்பதை எழுத்து வரைந்த மாணவிதான் உணர்த்தினார். மூன்றாம் முறை சென்று கேட்டோம்.

"பேரு போடலாமே. பேரு போடுறதுதான எங்க தொழிலு" என்று சிரித்தார் மாமி. பிறகு, "ஊராரு பேரெல்லாம் நெய்ஞ்சிருக்கேன் வாப்பா. எம் பேர நெய்ஞ்சதில்ல" என்றார்.

அதைக் கேட்டபின் வடிவமைப்பில் ஒரே மாற்றம் செய்தோம். மாமியின் பெயரைக் கட்டத்தாளில் அவரையே எழுதச் சொல்லி, தலைப்பிற்கு நெய்த அதே எழுத்தில், இயக்குநர் பெயருக்கு மேலே வைத்தோம். 'வழிகாட்டி' என்ற சொல்லையும் அதனோடு அங்கிருந்த நம் பெயரையும் நீக்கினோம். இம்மலரில் அவர் பெயரை நாம் அச்சிடாமைக்குக் காரணம், அவர் இசைவு சுவரொட்டிக்கு மட்டுமே பெறப்பட்டது என்பதே.

திரையிடலுக்கு மாமி வரவில்லை, பேரனுக்குக் காய்ச்சல். அவருக்கென ஒரு தாளை மாணவர் கொண்டு கொடுத்தனர். அவர் அதைச் சுவரில் ஒட்டவில்லை. பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டி, விற்பனைக்கு வைத்திருந்த பாய்களோடு நிறுத்தி வைத்தார் என்று வந்து கூறினர். அவர் திருத்திய கட்டத்தாள், பென்சில் கறையோடு, நம் துறை நூலகத்தில் உள்ளது. அடுத்த ஆண்டு படம் எடுக்கும் மாணவர் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.